கணினிக் கேள்வி பதில்: நாம் எழுதாத கடிதம்

கேள்வி: நாங்கள் நண்டு இறைச்சி ஏற்றுமதி செய்கிறோம். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர், சரக்குக்கான பணத்தை எங்களுக்குத் தொடர்பே இல்லாத ஒரு வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிட்டு, ‘கணக்கு மாறிவிட்டது என்று நீங்கள்தானே எழுதினீர்கள்’ என்கிறார். மின்னஞ்சல் எங்கள் முகவரியிலிருந்தே போயிருக்கிறது. எழுதியவர் எங்களில் எவரும் இல்லை. இனி என்ன செய்வது?
(ஒரு வாசகர், மண்டபம்)

பதில்: முதலில் பணத்தைப் பார்ப்போம். பணம் வாடிக்கையாளரின் வங்கியிலிருந்து புறப்பட்டிருப்பதால், அதைத் திரும்ப அழைக்கும் கோரிக்கையை அவர்தான் தம் வங்கியிடம் வைக்க வேண்டும். நாளை பார்க்கலாம் என்று அவர் இருந்துவிட்டால் தொகை அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்ந்துவிடும். ஆகவே அவரை இன்றே பேச வையுங்கள். நீங்கள் 1930 என்ற எண்ணை அழைத்து, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள். இவற்றோடு, இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவின்படி, இத்தகைய ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். சிறிய கம்பெனிதானே என்று இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சிறியது என்பதற்காக விலக்கு இல்லை.

அடுத்து, இது நடந்த விதம். உங்கள் அலுவலகத்தில் யாரோ ஒருவர், அசல் போலவே தோன்றும் போலிப் பக்கம் ஒன்றில் மின்னஞ்சல் கடவுச்சொல்லைத் தட்டியிருக்கலாம். உள்ளே வந்தவன் உடனே எதுவும் செய்வதில்லை. யார் யாருக்கு எழுதுகிறீர்கள், எந்தக் கன்டெய்னர் எப்போது கிளம்புகிறது, பில் எந்த வடிவில் போகிறது என்பதையெல்லாம் வாரக்கணக்கில் படித்துக்கொண்டிருந்துவிட்டு, பெரிய தொகை வர வேண்டிய நாளில் உங்கள் நடையிலேயே ஒரு கடிதம் எழுதுகிறான். வாடிக்கையாளரின் பதில் உங்கள் கண்ணில் படாமல் இருக்க, அதை வேறொரு கோப்புறைக்குத் தள்ளவோ தன் முகவரிக்கு அனுப்பவோ ஒரு தானியங்கி விதியை அஞ்சல் பெட்டியிலேயே எழுதி வைத்திருப்பான். கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த விதி அழியாது என்பதைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. பூட்டை மாற்றிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தே வைத்திருப்பதற்கு ஒப்பானது அது. ஆகவே முதலில் அஞ்சல் பெட்டியின் செட்டிங்ஸ் பகுதியில் உள்ள விதிகளைப் படமெடுத்து ஆதாரமாக வைத்துக்கொண்டு, பிறகு அவற்றை நீக்குங்கள். நம்பகமான வேறொரு கணினியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். உங்கள் முகவரியின் பெயரில் வெளியிலிருந்து எவனும் எழுதாமல் தடுக்க எஸ்.பி.எஃப்., டிமார்க் என்ற ஏற்பாடுகள் உண்டு. ஆனால் திருடன் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் அவை பயன்படா.

இனிமேலுக்கு ஒரே ஒரு வழக்கத்தை இருதரப்பும் எழுதி ஒப்புக்கொள்ளுங்கள்: வங்கிக் கணக்கு மாற்றம் என்று எந்த வழியில் செய்தி வந்தாலும், ஏற்கெனவே கையில் உள்ள பழைய தொலைபேசி எண்ணுக்குத் தாமே அழைத்துக் கேட்ட பிறகே பணம் அனுப்புவது. வந்த அழைப்பிலேயே குரலைக் கேட்டு நம்பிவிடக் கூடாது. ஆரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியர் ஒருவர், மேலதிகாரியும் சக ஊழியர்களும் தோன்றிய காணொலிக் கூட்டத்தை நம்பி ஏறத்தாழ 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பியது 2024இல் வெளியே தெரிந்தது. திரையில் வந்த அந்த முகங்களும் குரல்களும் செயற்கையாக உருவாக்கப்பட்டவை.

கேள்வி: எங்கள் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைத் தினமும் மாலையில் ஒரு ஹார்டு டிஸ்கில் நகலெடுக்கிறோம். அது எப்போதும் கணினியோடு இணைந்தே இருக்கும். ரான்சம்வேர் வந்தால் இது போதுமா?
(சங்க எழுத்தர், பாம்பன்)

பதில்: போதாது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் அந்த நிரல், கணினியோடு இணைந்திருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். இரண்டு நங்கூரத்தையும் ஒரே கயிற்றில் கட்டிக் கடலில் இறக்குவீர்களா? இரண்டு டிஸ்க் வாங்கி, மாறி மாறி நகலெடுத்து, ஒன்றைக் கழற்றி வேறு கட்டடத்தில் வையுங்கள். நகல் இருக்கிறது என்பதைவிட அது திறக்கிறது என்பது முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலத்தில், ஒரு பழைய கணினியில் நகலிலிருந்து முழுக் கணக்கையும் மீட்டெடுத்துப் பாருங்கள்.

2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வானாக்ரை என்ற ரான்சம்வேர் பயன்படுத்திக்கொண்ட விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. திருத்தத்தை நிறுவாத கணினிகள்தாம் அதிகம் மாட்டின. சங்கத்தில் இன்னும் விண்டோஸ் 10 ஓடுகிறது என்றால், அதற்கான வழக்கமான இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டதைச் செயலாளரிடம் சொல்லுங்கள். ஆபத்து நம் அறைக்குள்தான் வரும் என்பதுமில்லை. 2024 ஜூலை இறுதியில், சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனம் ரான்சம்வேரில் சிக்கியபோது, ஏறத்தாழ 300 கூட்டுறவு, கிராம வங்கிகளின் பணப்பரிமாற்றம் தடைபட்டது. உங்கள் மென்பொருளைப் பராமரிக்க வெளியிலிருந்து வருபவருக்குக் கொடுத்த கடவுச்சொல், அவர் வேலையை விட்ட பிறகும் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: எங்கள் கடையின் வங்கி ஓடிபி என் கைபேசிக்குத்தான் வருகிறது. நேற்று வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வந்த ஏபிகே கோப்பைத் திறந்துவிட்டேன். ஒன்றும் தெரியவில்லை.
(ஒரு வாசகர், கீழக்கரை)

பதில்: பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப் ஆக வரும், ஏபிகே ஆக வராது, ஏனெனில் அது ஒரு செயலி. நிறுவும்போது அது கேட்ட அனுமதிகளைக் கொடுத்திருந்தால், உங்கள் குறுஞ்செய்திகளைப் படித்து ஓடிபியை வேறொருவருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். உடனே விமான முறையில் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வேறு போனிலிருந்து வங்கியை அழைத்து இணைய வங்கிச் சேவையை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930. பிறகு கைபேசியை முழுமையாக அழித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுவாருங்கள். கடையின் ஓடிபிக்கு இனித் தனி சிம் ஒன்றை வாங்கி, செயலி எதுவும் ஏறாத சாதாரண பட்டன் போனில் போட்டுக் கல்லாப்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.