காட்ஸில்லா வாங்குகிறீர்களா? முதலில் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் ஜப்பானியத் திரைப்பட ராட்சதர்களே அதிகம். காட்ஸில்லா, மோத்ரா, ரோடன், கிங் கிடோரா என்று அலமாரி நிரப்புகிறவர்கள் தமிழ் வாசகர்களிலும் இத்தனை பேர் இருப்பது நல்ல ஆச்சரியம். நேராகக் கேள்விகளுக்குப் போவோம்.

கேள்வி: முதல் காட்ஸில்லா ஃபிகர் வாங்கப் பார்க்கிறேன். பார்வைக்கு ஒரே உருவம். ஆனால் ஒன்று மூவாயிரம் ரூபாய், ஒன்று பன்னிரண்டாயிரம், இன்னொன்று நாற்பதாயிரத்தைத் தாண்டுகிறது. ஏன் இவ்வளவு வித்தியாசம்? – கோவை வாசகர்

பதில்: மூன்றும் மூன்று வேறு சரக்கு. நீங்கள் பார்த்த மலிவானது ஜப்பானியப் பொம்மை நிறுவனமான பண்டாயின் மூவி மான்ஸ்டர் தொடராக இருக்கும். மென்மையான வினைல் பொம்மை. சேகரிப்பாளர்கள் சோஃபுபி என்பார்கள். உலோக அச்சில் திரவ வினைலை ஊற்றிச் சூடாக்கி, சுவரோரம் படிந்தது இறுகியதும் மீதியை வடித்துவிட்டு, இளஞ்சூட்டிலேயே உருவித்தான் எடுப்பார்கள். அதனால் உள்ளே வெற்றுக்கூடு. கை, கால், வால் இருந்த இடத்தில் சுழலும், மடங்காது. உயரம் பெரும்பாலும் 15 முதல் 17 செ.மீ. கைதவறி விழுந்தால் எழுப்பி நிறுத்திவிட்டுப் போகலாம். பண்டாய் 1983-லிருந்து இந்த வகையைப் போட்டுவருகிறது.

நடுவிலுள்ளது எஸ்.எச்.மான்ஸ்டர்ஆர்ட்ஸ். அதே பண்டாய், ஏறக்குறைய அதே உயரம். ஆனால் இது திடமான பிளாஸ்டிக். தாடை, கழுத்து, கால் என்று உடம்பெல்லாம் மூட்டு. வாலே பல கணுக்களாகக் கழன்று வரும். நீங்கள் காசு கொடுப்பது இந்த மூட்டுகளுக்கு. பெட்டியில் 15 வயதுக்கு மேல் என்று போட்டிருப்பதைக் குழந்தைக்கு வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

நாற்பதாயிரம் சொன்னது எக்ஸ்-பிளஸ் என்ற இன்னொரு ஜப்பானிய நிறுவனத்தின் பொம்மையாக இருக்கலாம். திரும்பவும் வினைல்தான், ஆனால் பெரியது. 25, 30 செ.மீ. என்று தொடர்கள் உண்டு. அசைவு அநேகமாக இல்லை. ஆனால் 1954, 1962, 1964 என்று ஒவ்வொரு படத்திலும் நடிகர் மாட்டிக்கொண்ட ரப்பர் உடைக்குத் தனி முகம், தனிப் புருவம் இருந்ததே, அதைத் துல்லியமாகப் பிடித்திருப்பார்கள். 1964-இல் மோத்ராவோடு மோதிய உடையை ரசிகர்கள் மோஸுகோஜி என்றே கூப்பிடுவார்கள். அந்த உடைக்கும் முந்தியதற்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாதவரை எக்ஸ்-பிளஸ் பக்கம் போகாதீர்கள். பணம் மிச்சம்.

இன்னொரு இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். அமெரிக்க நிறுவனமான நெக்கா தன் காட்ஸில்லாக்களுக்கு 12 அங்குலம் என்று போடும். அது தலையிலிருந்து வால் நுனி வரையுள்ள நீளம். நிறுத்தி வைத்தால் ஏறக்குறைய அதில் பாதி உயரம்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை, பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. விளம்பரத் தலைப்பை மட்டும் படிப்பவர்தான் பிறகு சண்டை பிடிக்கிறார்.

என்னைக் கேட்டால் முதலில் ஒரு மூவி மான்ஸ்டர் வாங்குங்கள். ஆறு மாதம் கழித்தும் அதைப் பார்க்கப் பிடித்தால் அடுத்ததை யோசிக்கலாம்.

கேள்வி: இணையச் சந்தை ஒன்றில் மான்ஸ்டர்ஆர்ட்ஸ் கிங் கிடோரா 1,800 ரூபாய்க்கு எடுத்தேன். பண்டாய் ஒரிஜினல் என்று போட்டிருந்தது. பெட்டி இல்லாமல் பாலித்தீன் உறையில் வந்தது. மூன்று தலையும் தொங்குகின்றன. கேட்டால், 'இது சைனா வெர்ஷன் சார், அதான் ரேட் கம்மி' என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா? – மதுரை வாசகர்

பதில்: ஒத்துக்கொள்ளாதீர்கள். பண்டாயின் அசல் பொம்மைகளே பெருமளவு சீனாவில்தான் தயாராகின்றன. 'சைனா வெர்ஷன்' என்று தனியாக ஒன்று கிடையாது. கள்ள அச்சுக்கு விற்பவர் சூட்டிய செல்லப் பெயர் அது.

கள்ள அச்சு எப்படி வருகிறது தெரியுமா? அசல் பொம்மை ஒன்றைப் பிரித்து, அதன்மேலேயே அச்சு எடுப்பார்கள். அப்படி வார்த்தது ஆறும்போது கொஞ்சம் சுருங்கும். செதில்களின் விளிம்பு மழுங்கும். மூட்டுக் குமிழும் குழியும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் ஆடும். உங்கள் கிடோராவின் கழுத்துகள் தொங்குவதற்குக் காரணம் அநேகமாக இதுதான். தங்க நிறம் பித்தளைப் பாத்திரம்போலப் பளபளத்தால் சந்தேகமே வேண்டாம். அடுத்து பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர், நாடு, காட்ஸில்லா படங்களை எடுக்கும் தோஹோ நிறுவனத்தின் பதிப்புரிமைக் குறி ஆகியவை பாதத்திலோ வாலடியிலோ, அங்கே இல்லாவிட்டால் பெட்டியிலோ இருந்தாக வேண்டும். உங்களுக்குப் பெட்டியும் இல்லை. பாதமும் வழுவழு என்றிருந்தால் வேறென்ன சாட்சி வேண்டும்?

பணத்தைத் திரும்பப் பெற வழியிருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, போலியான பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்ப எடுக்கவும் பணம் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது. 'நோ ரிட்டர்ன்' என்று எழுதிவைத்தாலும் இதே கதைதான். விளம்பரப் பக்கம் மறைவதற்குள் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். 'சைனா வெர்ஷன்' என்ற அந்தப் பதிலையும் சேர்த்து. அது அவரே எழுதிக் கொடுத்த வாக்குமூலம். முதலில் சந்தை நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். பயனில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம்.

கேள்வி: வினைல் பொம்மையோடு தொங்கும் அட்டையை வெட்டிவிடலாமா? அசிங்கமாக இருக்கிறது.

பதில்: விற்கும் எண்ணம் இல்லையென்றால் தாராளமாக. இருந்தால் வேண்டாம். டேக் உள்ளதற்கும் இல்லாததற்கும் பழைய சந்தையில் விலை வேறு. வெட்டினாலும் தூக்கிப் போடாமல் உறையில் வையுங்கள்.

கேள்வி: டோக்கியோவில் பழைய பொம்மைக் கடைகள் இருக்கின்றனவாம். அங்கிருந்து இந்தியாவுக்கு வரவழைத்தால் மலிவாக முடியுமா? – சென்னை வாசகர்

பதில்: பொம்மை மலிவாக முடியும், பார்சல் முடியாது.

டோக்கியோவின் நகானோ பிராட்வே வணிக வளாகத்தில் இருக்கும் மண்டராகே போன்ற கடைகளில் பழையது வாங்குவது நம்பகமானதே. பெட்டியின் நிலை, பொம்மையின் நிலை, குறையும் உதிரி எல்லாம் எழுதி வைத்திருப்பார்கள். ஏலத் தளங்களில் எடுக்க இடைத்தரகுச் சேவை வேண்டும். அங்கே 'ஜங்க்' என்ற குறிப்பு இருந்தால் விலகுங்கள். எந்தக் குறைக்கும் பொறுப்பேற்க மாட்டேன் என்று விற்பவர் முன்கூட்டியே கைகழுவிவிட்டார். மான்ஸ்டர்ஆர்ட்ஸ் என்றால் வால் கணுக்களையும் மாற்றுக் கைகளையும் கம்பெனிப் படத்தோடு ஒப்பிட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு கணு தொலைந்தால் தனியாகக் கிடைப்பது குதிரைக் கொம்பு.

இப்போது கணக்கு. பொம்மை விலை, தரகுக் கட்டணம், ஜப்பானுக்குள் அனுப்பும் செலவு, பிறகு சர்வதேசக் கட்டணம். கடைசியாகச் சொன்னதில்தான் பலர் மூழ்குகிறார்கள். விரைவுத் தபால் நிறுவனங்கள் எடையைப் பார்ப்பதோடு நிற்காமல் பெட்டியின் கன அளவையும் பார்க்கும். நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது வழக்கம். 40 × 30 × 25 பெட்டி என்றால் 6 கிலோவுக்குக் கட்ட வேண்டும், உள்ளே இருக்கும் வெற்றுக்கூடு ஒரு கிலோகூட இல்லாவிட்டாலும். பெரிய எக்ஸ்-பிளஸ் வாங்குகிறவர்களுக்கு இது பேரிடி. பெட்டி வேண்டாம் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டால் செலவு பாதியாகக்கூடக் குறையும்.

பிறகு சுங்கம். பொம்மை இறக்குமதிக்கான அடிப்படை வரியை இந்தியா 2020-இல் 20-லிருந்து 60 சதவீதமாக்கியது, 2023-இல் 70 ஆக்கியது. சொந்த உபயோகப் பார்சலுக்கு வேறு தலைப்பில் வரி போடுவதும் உண்டு. எதில் போடுவார்கள் என்று அனுப்பும் முன் கூரியரிடம் எழுத்தில் கேளுங்கள். இதற்கு மேல் 2021 ஜனவரி முதல் நடப்பிலுள்ள தரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, 14 வயதுக்குக் கீழுள்ளவர்கள் விளையாடும் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். ஜப்பான் பொம்மையில் அது எங்கே இருக்கப்போகிறது? 15 வயதுக்கு மேல் என்று அச்சிட்ட பெட்டியானால் அதைக் காட்டி வாதாட இடமிருக்கிறது. சிறுவர்க்கான வினைல் பொம்மைக்கு அந்த வாய்ப்பும் குறைவு.

'கிஃப்ட் என்று எழுதி விலையைக் குறைத்துப் போடச் சொல்லலாமா' என்றும் கேட்டிருந்தீர்கள். அது குற்றம். போதாததற்கு, பார்சல் தொலைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான் கிடைக்கும்.

கேள்வி: பத்து வருடமாக வைத்திருந்த வினைல் ரோடன் பிசுபிசு என்று ஒட்டுகிறது. ஒரு பக்கம் சாய்ந்தும் விட்டது. கெட்டுப்போய்விட்டதா? – தூத்துக்குடி வாசகர்

பதில்: இல்லை. வினைலை மென்மையாக்கச் சேர்த்த திரவம் மெல்ல வெளியே கசிகிறது. காற்றுப்புகாமல் அடைத்து வைத்தாலும் வெயிலும் உஷ்ணமும் பட்டாலும் அதிகமாகும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைச் சொட்டு விட்டு, மெல்லிய துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டவே வேண்டாம். பிசுக்கோடு பெயின்ட்டும் போய்விடும். தெர்மோகோல் மேலோ வேறு பிளாஸ்டிக் பொம்மையோடு ஒட்டியோ வைக்காதீர்கள், கசிவு அதையும் அரிக்கும். சாய்ந்த காலைச் சூடான நீரில், கொதிநீரில் அல்ல, சற்று நேரம் முக்கி, நிமிர்த்திப் பிடித்தபடியே குளிர்ந்த நீருக்கு மாற்றுங்கள். நின்றுகொள்ளும்.

கேள்வி: 1966-ஆம் வருட மருசான் காட்ஸில்லா என்று ஒருவர் 15,000 ரூபாய்க்குத் தருகிறார். முதலீடாக வாங்கலாமா? – சிங்கப்பூர் வாசகர்

பதில்: மருசான் என்ற ஜப்பானியப் பொம்மைக் கம்பெனி 1966-இல் வினைல் காட்ஸில்லா விட்டது உண்மை. அது நொடித்த பிறகு புல்மார்க் என்ற கம்பெனி வந்தது, அதுவும் 1977-இல் மூடப்பட்டது. ஆனால் பழைய உருவங்கள் பின்னாளில் மறுபதிப்பாகப் பலமுறை வந்திருக்கின்றன. பாதத்தில் இருக்கும் ஆண்டு உருவம் செய்த ஆண்டாக இருக்கலாம், உங்கள் கையிலுள்ளது வார்த்த ஆண்டாகவே இருக்க வேண்டும் என்றில்லை. கள்ளப் பொம்மையைக் காட்டிக்கொடுக்கும் பாதம் மறுபதிப்பைக் காட்டிக்கொடுக்காது.

அசல் 1966 சரக்கு, நல்ல நிலையில், இந்த விலைக்கு வருவது நம்பும்படி இல்லை. மறுபதிப்பு என்று ஒப்புக்கொண்டு அதற்குரிய விலை சொன்னால் ஆசைக்கு வாங்குங்கள். முதலீடு என்று நினைத்தால் வேண்டாம். புதிய ஃபிகர்களிலும் இதே ஆபத்து உண்டு: பண்டாய் ஒரு மறுவெளியீட்டை அறிவித்தால் போதும், நேற்று இரண்டு மடங்கு சொன்னவர் இன்று வந்த விலைக்குத் தள்ளிவிடப் பார்ப்பார். உங்களுக்கு மருசான் விற்க வருகிறவரிடம், அதை எங்கே, யாரிடம், எப்போது வாங்கினார் என்று கேளுங்கள். பாதம், கழுத்து இணையும் இடம், உள்பக்கம் மூன்றையும் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.