மூச்சோடு நகரும் கட்டியும் மகளின் மேற்படிப்பும்

அன்புள்ள அம்மா,

இயற்பியல் கடைசி ஆண்டில் இருக்கும் உங்கள் மகள், நுரையீரல் கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது மூச்சசைவை எப்படிப் பின்தொடர்கிறார்கள் என்று ஒரு வகுப்பில் கேட்டுவிட்டு, மருத்துவ இயற்பியல்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்பதாக எழுதியிருந்தீர்கள். "டாக்டரும் இல்லை, இன்ஜினியரும் இல்லை, அதிலும் கதிர்வீச்சுக்குப் பக்கத்திலேயே வேலை" என்ற உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் அவளை எது இழுத்தது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

கட்டி என்றால் கல் மாதிரி ஓரிடத்தில் கிடக்கும் என்று நினைக்கிறோம். நுரையீரலில் அப்படி இல்லை. மூச்சை இழுத்தால் உதரவிதானம் இறங்கும், கட்டியும் கூடவே இறங்கும். நுரையீரலின் அடிப்பகுதியில் இருந்தால் 1 செ.மீ., சிலருக்கு 2 செ.மீ. கூட மேலும் கீழும் போய்வரும். ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய 4 விநாடி. கதிரை ஒரே இடத்தில் நிறுத்தினால் கட்டி நழுவிவிடும். நழுவாமலிருக்கப் பரப்பைப் பெரிதாக்கினால் நல்ல நுரையீரலும் சேர்ந்து அடிபடும். அசைவு 5 மி.மீ.க்கு மேல் போனால் அதைக் கட்டுப்படுத்தும் வழியைப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் 2006ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது.

வழிகள் பல உண்டு. மூச்சைப் பிடிக்கச் சொல்லலாம். ஆனால் பழுதுபட்ட நுரையீரலோடு இருபது விநாடி பிடிப்பது எல்லோராலும் முடியாது. கட்டி குறித்த இடத்துக்கு வரும்போது மட்டும் கதிரைத் திறக்கலாம். ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் 1990களின் இறுதியில் இதைத்தான் செய்தார்கள்: கட்டிக்குப் பக்கத்தில் 2 மி.மீ. தங்க உருண்டையை அடையாளமாக வைத்து, விநாடிக்கு 30 முறை எக்ஸ் கதிரில் பார்த்தார்கள். சைபர்நைஃப் என்ற சிகிச்சை எந்திரத்தில் கதிர்க்கருவியைத் தாங்கும் ரோபோ கையே கட்டியின் பின்னால் நகரும். இங்கேதான் ஒரு சிக்கல். படம் எடுத்து, கணக்குப் போட்டு, கை நகர்வதற்குள் பத்தில் ஒரு விநாடியாவது போய்விடும். அதனால் கட்டி இப்போது எங்கே என்று தெரிந்தால் போதாது, அடுத்த கணம் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும். வயிற்றின் ஏற்ற இறக்கத்தை வைத்து உள்ளே இருக்கும் கட்டியை ஊகிப்பார்கள். அந்த உறவும் சிகிச்சை நடக்கும்போதே மெல்ல விலகிப்போகும். இருமல் வந்தால் கணிப்பு உடைந்துவிடும். இயற்பியல் படித்த பெண்ணுக்கு இது பிடித்துப்போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். "கரண்ட் வைக்கிறது" என்று நம்மவர்கள் சொல்லும் சிகிச்சைக்குப் பயன்படும் லினாக் (எலக்ட்ரான்களை முடுக்கிக் கதிரை உண்டாக்கும் எந்திரம்) மின்சாரத்தில் ஓடுவது. அணைத்தால் கதிர் நின்றுவிடும். சிகிச்சை நடக்கும்போது தடித்த கான்கிரீட் சுவருக்குள் நோயாளி மட்டுமே இருப்பார். பணியாளர்கள் எல்லோரும் வெளியே திரைமுன் இருப்பார்கள், உடலில் பட்ட கதிரின் அளவைப் பதியும் பட்டை சட்டையில் இருக்கும். பணியாளருக்கான சர்வதேச வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக, ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிரை அளக்கும் அலகு). முறையாக நடக்கும் துறையில் அதன் அருகில்கூடப் போவதில்லை. இந்த ஒரு காரணத்துக்காக அவளைத் தடுக்காதீர்கள்.

நான் கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு. இந்த வேலையில் பெரும்பகுதி சரிபார்ப்பது. நோயாளிகள் போன பிறகு, மூச்சுவிடுவது போல அசையும் பொம்மைக்குள் கதிரின் அளவைப் பதியும் படலத்தை வைத்து, கணக்கிட்ட அளவு விழுந்ததா என்று ஒவ்வொரு மில்லிமீட்டராகப் பார்க்க வேண்டும். பொருந்தவில்லை என்றால் மறுநாள் காலைக்குள் காரணம் தெரிந்தாக வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள், மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும், சில ஆண்டுகளில் சலித்துப்போய் விலகுவதைப் பார்த்திருக்கிறேன்.

வழி இதுதான்: மருத்துவ இயற்பியலில் முதுகலை, அப்புறம் மருத்துவமனையில் மேற்பார்வையுடன் பயிற்சி, அதன்பின் தகுதிச் சான்று. விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். பணம் கட்டுவதற்கு முன் இரண்டைக் கேளுங்கள்: கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்பு இந்தப் படிப்பை ஏற்கிறதா? மாணவர்களுக்கு உண்மையான லினாக் முன்னால் பயிற்சி உண்டா? இரண்டுக்கும் நேரடியான பதில் வராத இடத்தில் சேர்க்காதீர்கள். ஒரு மருத்துவமனைக்குச் சில பணியிடங்களே இருக்கும் என்பதையும் தெரிந்தே இறங்கட்டும். நிரல் எழுதத் தெரிந்தால் இந்த எந்திரங்களுக்கு மென்பொருள் செய்யும் பக்கமும் போகலாம்.

இப்போதைக்கு ஒரு வேலை கொடுங்கள். மல்லாந்து படுத்து, வயிற்றின்மேல் மொபைலை வைத்து, அதன் முடுக்கமானியில் (அசைவை அளக்கும் உணரி) ஐந்து நிமிட மூச்சைப் பதிவு செய்யட்டும். முதல் நிமிடத்தை வைத்து, மீதியில் ஒவ்வொரு கணமும் அரை விநாடி முன்னதாகக் கணிக்கும் நிரலை எழுதட்டும். நடுவில் ஒருமுறை வேண்டுமென்றே இருமச் சொல்லுங்கள். அந்த இடத்தில் கணிப்பு எவ்வளவு தவறியது, அதைச் சரிசெய்ய அவள் என்னென்ன செய்து பார்த்தாள் என்பதை வரைபடத்தோடு எனக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்த பிறகு நாம் மூவரும் உட்கார்ந்து பேசலாம்.