வென்ஃப்ளானை மாற்றியே ஆக வேண்டுமா?

கேள்வி: அப்பா கையில் வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் சிறு குழாய்) நன்றாகத்தான் இருந்தது. மூன்று நாள் ஆனதும் கழற்றிவிட்டு வேறு இடத்தில் குத்தினார்கள். அவசியமா, சிஸ்டர்?

பதில்: அது பழைய விதி. நான் வார்டில் இருந்த காலத்தில் நாள் பார்த்துத்தான் மாற்றுவோம். வயதானவர்களுக்கு நரம்பு கிடைப்பதே பெரும்பாடு! 2012-இல் ‘லான்செட்’ இதழில் 3,283 பேரிடம் நடந்த ஆஸ்திரேலிய ஆய்வு வந்தது. மூன்றாம் நாள் மாற்றியவர்கள், தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்கள், இரு தரப்பிலும் ரத்தக்குழாய் அழற்சி 7 சதவீதம்தான். சரி, ‘தேவை’ என்று எப்படித் தெரியும்? அங்கேதான் நர்ஸின் கை பேச வேண்டும். ஒட்டுக்கு மேலே விரலை ஓட்டினால் நரம்பு கயிறு மாதிரி தட்டுப்படுகிறதா, சிவந்திருக்கிறதா, மருந்து ஏறும்போது முகம் சுளிக்கிறாரா? அப்படியென்றால் முதல் நாளே ஆனாலும் கழற்றிவிட வேண்டும்.