உயிரியல் படிக்காத ஒருவர் இந்தியாவின் தாவரங்களையும் விலங்குகளையும் ஆவணப்படுத்துவதில் பங்கெடுக்க முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: வணிகவியல் படித்தீர்கள், வேலையில் இருக்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. நாட்டின் தாவரங்களையும் உயிரினங்களையும் பதிவுசெய்யும் வேலையில் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா, அல்லது அது விஞ்ஞானிகளுக்கு மட்டுமான வேலையா?

முடியும். இன்னும் சொல்லப்போனால், உங்களைப் போன்றவர்கள் செய்யாவிட்டால் அந்த வேலையில் பெரும்பகுதி நடக்கவே நடக்காது. நானும் விலங்கியல் படித்தவன் இல்லை. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். விடுமுறை நாட்களில் நஞ்சராயன் குளத்துக்குப் போய்ப் பறவைகளைக் குறித்துவைப்பது பல வருடப் பழக்கம். அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

புதிதாக வருபவர்கள் பலரும் இதுவரை யாரும் பார்க்காத ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசையோடு வருகிறார்கள். அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் இந்தியாவுக்கு இப்போது அவசரமாக வேண்டியது வேறு. எல்லோரும் பார்க்கிற உயிரினம், எல்லோரும் கடந்துபோகிற இடம், அதைத் தேதி போட்டு, எண்ணி, திரும்பத் திரும்ப எழுதிவைக்கும் ஆட்கள்.

ஏன் என்பதற்குப் பாறுகளின், அதாவது பிணந்தின்னிக் கழுகுகளின் கதையைத்தான் நான் எப்போதும் சொல்வேன். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர் விபு பிரகாஷ், 1980களில் ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் பூங்காவில் இரைகொல்லிப் பறவைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். பாறுகளில் ஒன்றான வெண்முதுகுப் பாறு அப்போது வட இந்தியா முழுக்கச் சர்வசாதாரணம். செத்த மாடு கிடக்கும் இடமெல்லாம் கூட்டமாக இறங்கும். இதைப் போய் எதற்கு எண்ண வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர் எண்ணினார். 1987-88 பருவத்தில் பூங்காவில் 353 கூடுகள் இருந்தன. 1990களின் பிற்பாதியில் மறுபடி எண்ணியபோது அதில் பாதிகூட இல்லை; அதற்கடுத்த சில ஆண்டுகளில் அங்கே கூடு கட்டும் பாறே இல்லாமல் போனது.

அந்தப் பழைய எண்ணிக்கை கையில் இருந்ததால்தான் வீழ்ச்சியை நிரூபிக்க முடிந்தது. மற்ற இடங்களிலும் தேடினார்கள், எல்லா இடத்திலும் இதே நிலைமை. கால்நடைகளுக்குப் போடும் டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து, அந்த மாடு செத்த பின் அதைத் தின்னும் பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கிறது என்பது 2004-இல் தெரியவந்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைப் பயன்படுத்துவதை இந்தியா தடை செய்தது. 1992-இல் இருந்து 2007-க்குள் வெண்முதுகுப் பாறுகளில் 99 சதவீதத்துக்கு மேல் அழிந்திருந்தன. தடை தாமதம்தான். ஆனால் அந்தக் கூடுகளை யாருமே எண்ணாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை வருடம் தாமதமாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "முன்னெல்லாம் நிறைய இருந்துச்சு" என்ற பேச்சை வைத்து எந்த மருந்தையும் தடை செய்ய முடியாது.

சரி, பதிவு என்றால் என்ன? எந்த உயிரினம், எந்த இடம், எந்தத் தேதி, பார்த்தது யார். இந்த நான்கும் இருந்தால் அது பதிவு. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் நூறாண்டுகளுக்கு முன் உலர்த்தி ஒட்டிய செடிகளைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் இந்த விவரங்களை எழுதிய ஒரு சிறு சீட்டு இருக்கும். நிறம் போய், இலை பழுப்பேறிப்போன அந்தச் செடிக்கு இன்றும் மதிப்பு இருப்பது அந்தச் சீட்டால்தான். சேகரித்தவர் பூவின் நிறத்தை எழுதாமல் விட்டிருந்தால் இன்று அதைத் தெரிந்துகொள்ள வழியே கிடையாது. உங்கள் போனில் கிடக்கும் அழகான வண்ணத்துப்பூச்சிப் படத்துக்கும் இதே விதிதான். வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு மறந்துவிட்டால், அடுத்த மாதம் அது எங்கே எப்போது எடுத்தது என்று உங்களுக்கே தெரியாது.

பறவைகளில் இருந்து தொடங்குவது எளிது. இபேர்ட் என்ற செயலி இலவசம். அதில் ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே பழக்கிக்கொள்ளுங்கள்: பார்த்த, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதுங்கள். காகம், மைனா, புறா உட்பட. கடைசியில் "இது முழுப் பட்டியலா?" என்று செயலி கேட்கும். அதற்கு ஆம் என்று சொல்லும்படி உங்கள் பட்டியல் இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான், பட்டியலில் ஒரு பறவை இல்லாததற்கும் பொருள் கிடைக்கிறது. ஆயிரக்கணக்கான முழுப் பட்டியல்களில் எத்தனையில் சிட்டுக்குருவி இருக்கிறது என்று பார்த்தால் அது கூடுகிறதா குறைகிறதா என்று கணக்கிடலாம். அரிய பறவைகளை மட்டும் போடுபவரின் பட்டியலில் இருந்து அதைக் கணக்கிட முடியாது. எத்தனை நிமிடம் பார்த்தீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்பதும் இதே காரணத்துக்காகத்தான் தேவை.

இப்படிச் சேர்ந்தவற்றை வைத்துத்தான் 2023-இல் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை வந்தது. 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள், சுமார் மூன்று கோடிப் பதிவுகள், மதிப்பிடப்பட்டவை 942 இனங்கள். மயிலும் குயிலும் பெருகியிருக்கின்றன என்று அது சொன்னபோது எங்கள் பக்கத்து விவசாயிகள் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பனங்காடை குறைந்து வருகிறது என்பது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் அந்த நீலச் சிறகைப் பார்த்துப் பார்த்துப் பழகியதால் அது குறைவதைக் கண் கவனிக்கவில்லை. எங்கள் நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-இல் ராம்சர் தளமாகவும் (உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம்) ஆனதற்குப் பின்னாலும் உள்ளூர் ஆர்வலர்கள் பல வருடமாக எழுதிவைத்த பட்டியல்கள் இருக்கின்றன.

இருந்தாலும் நீங்கள் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், பறவைகளைப் பழகிய பிறகு பூச்சிகளுக்கோ செடிகளுக்கோ நகரச் சொல்வேன். பறவைகளுக்கு ஆள் நிறைய இருக்கிறார்கள். இந்திய விலங்கியல் ஆய்வகம் 2024-இல் வெளியிட்ட பட்டியலில் 1,04,561 விலங்கினங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி பூச்சிகள். அந்தப் பூச்சிகளில் பெரும்பாலானவை எந்தெந்த மாவட்டத்தில் இருக்கின்றன என்பதற்கு ஒழுங்கான வரைபடமே கிடையாது. மொட்டை மாடியில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, முன்னால் விளக்கைப் போட்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள். வந்து அமரும் அந்துப்பூச்சிகளில் பலவற்றுக்கு உங்கள் ஊரில் இதுவரை ஒரு பதிவுகூட இல்லாமல் இருக்கலாம்.

படங்களைப் போட ஐநேச்சுரலிஸ்ட் என்ற செயலி நல்ல இடம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் பங்கேற்று நடத்தும் இந்திய பல்லுயிர்த் தளம் என்ற இணையதளமும் இருக்கிறது. படம் அழகாக இருக்க வேண்டியதில்லை, அடையாளம் சொல்ல உதவ வேண்டும். செடி என்றால் முழுச் செடி, இலையின் இரண்டு பக்கம், இலைகள் தண்டில் எப்படி அடுக்கியிருக்கின்றன, பூவை முன்னிருந்தும் பக்கவாட்டிலும், காய் இருந்தால் காய். வண்ணத்துப்பூச்சிக்குச் சிறகின் மேற்புறம், அடிப்புறம் இரண்டும். காளானைக் கவிழ்த்தாற்போல் கீழிருந்து ஒரு படம். தவளைக்குப் படத்தைவிடக் குரல் முக்கியம், போனிலேயே பதிவுசெய்யலாம். அப்புறம் ஒரு சின்ன விஷயம், பலரும் கவனிப்பதில்லை: ஐநேச்சுரலிஸ்ட்டில் உங்கள் பதிவின் உரிம அமைப்பைத் திறந்து பாருங்கள். "எல்லா உரிமையும் எனக்கே" என்று வைத்தால் அந்தப் பதிவு ஆய்வாளர்கள் பயன்படுத்தும் உலகப் பொதுத் தரவுத்தளத்துக்குப் போகாது.

ஒரு படம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2020 ஊரடங்கில் இமாச்சலப் பிரதேசத்தின் சம்பா பகுதியில், சொந்த ஊருக்குத் திரும்பியிருந்த ஒரு முதுகலை மாணவர் வீட்டைச் சுற்றி இருந்த உயிரினங்களைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டார். அதில் ஒரு பாம்புப் படத்தை பெங்களூரில் இருந்த ஊர்வன ஆய்வாளர் ஒருவர் பார்த்தார். தெரிந்த இனங்களோடு அது ஒத்துப்போகவில்லை. பிறகு பாம்பு நேரில் கிடைத்து, செதில்களை எண்ணி, மரபணுவை ஒப்பிட்டு, 2021-இல் ஒலிகோடான் சுராஹென்சிஸ் என்ற புதிய இனமாக அறிவித்தார்கள். கவனியுங்கள், படம் மட்டும் போதவில்லை. ஆனால் படம் இல்லாமல் எதுவும் தொடங்கியிருக்காது.

கருவிகளைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு மனிதர்களை விட்டுவிடக் கூடாது. ஆடு மேய்ப்பவர், மீன் பிடிப்பவர், வைத்தியம் தெரிந்த பாட்டி, இவர்களிடம் கேளுங்கள். கேட்டதை அவர்கள் பெயரோடு (அவர்கள் சம்மதித்தால்) எழுதுங்கள். 1678-இல் இருந்து 12 தொகுதிகளாக வந்த ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் டச்சு ஆளுநர் வான் ரீடின் பெயரில் இருந்தாலும், அதன் அறிவு இட்டி அச்சுதன் என்ற மலையாள வைத்தியரைப் போன்றவர்களுடையது. நமக்குக் கிட்டத்திலேயே இன்னொன்று நடந்தது. ஆந்திராவின் கடப்பா பக்கம் முட்காடுகளில் இரவில் நடமாடும் ஜெர்டன்ஸ் கோர்சர் என்ற பறவை 1900-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை, அழிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். 1986-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பரத் பூஷண் தேடிப் போனபோது, ஐத்தண்ணா என்ற உள்ளூர்க்காரர் இரவில் அதை உயிரோடு பிடித்துக் காட்டினார். அந்த ஊர் மக்களிடம் அதற்கு 'கலிவி கோடி' என்று பெயரே இருந்தது. உலகம் அழிந்துவிட்டதாக எழுதிய காலமெல்லாம் அவர்களுக்கு அது தெரிந்த பறவைதான்.

இந்த அறிவைச் சேர்த்துவைக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பன்மைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது ஊர் மக்களைக் கேட்டு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்த வேலையை 2020 ஜனவரிக்குள் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மாநிலங்களுக்கு அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தது. நாடெங்கும் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவேடுகள் உருவாகிவிட்டன. அவசரத்தில் எழுதியது அவசரத்தில் எழுதியதுபோலவே இருக்கிறது என்பது என் வருத்தம். நான் பார்த்த ஒரு பதிவேட்டில் ஊர்க் குளத்து மீன் ஒன்றின் பெயர்கூட இல்லை. உங்கள் ஊராட்சியில் கேட்டுப் பாருங்கள். பதிவேடு இருந்தால், விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இது பல்கலைக்கழகம் செய்து தர முடியாத வேலை, ஊர்க்காரர்தான் செய்ய வேண்டும்.

ஏட்டில் எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு அரிட்டாபட்டியைச் சொல்லுங்கள். மதுரை மேலூர் பக்கத்து ஊர். குன்றுகள், குடைவரைக் கோயில், சமணப் படுகைகள், ஏரிகள், கூடவே லகர் வல்லூறு, ராசாளிக் கழுகு உட்பட சுமார் 250 பறவையினங்கள். இவையெல்லாம் ஆவணமாகியிருந்தன. 2022 நவம்பரில் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தளமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே வருடத்தில், அந்தத் தளத்தையும் உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்தது. சுற்றுவட்டார ஊர்கள் அத்தனையும் வீதிக்கு வந்தன. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ரத்து செய்ய வைத்தது மக்களின் போராட்டம். ஆனால் "இங்கே ஒன்றுமில்லை, வெறும் பாறை" என்று யாரும் சொல்ல முடியாதபடி செய்தது அந்த ஆவணம்.

செய்யக் கூடாதவையும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உயிரினங்களைப் பிடிப்பதும் முட்டை, கூடு எடுப்பதும் குற்றமாகலாம். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். கூட்டின் படம் எடுக்கக் கிளையை ஒதுக்காதீர்கள். ஆந்திராவின் நந்தியால் அருகே சிறு காட்டுப்பகுதியில் மட்டும் வாழும் நீலநிறப் பெருஞ்சிலந்தி உலகம் முழுக்க வளர்ப்புச் சந்தையில் விற்கப்படுகிறது. இப்படிப்பட்டவற்றின் சரியான இடத்தை எங்கேயும் எழுதாதீர்கள். செயலிகள் சில இனங்களுக்குத் தாமாகவே இடத்தை மறைக்கும், ஆனால் உங்கள் முகநூல் பதிவு மறைக்காது.

சரி, எங்கே தொடங்குவது? வீட்டில் இருந்து நடந்துபோகும் தூரத்தில் ஓர் இடம், வாரம் ஒருமுறை, கால் மணி நேரம் போதும். மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போனால்தான் ஆகும் என்பதில்லை. துணைக்கு ஆள் வேண்டும் என்றால் ஜனவரியில் பொங்கலை ஒட்டி நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேருங்கள். 2015-இல் இருந்து நடக்கிறது, எல்லா மாவட்டத்திலும் ஆட்கள் கிடைப்பார்கள். அடையாளம் தெரியாத செடியோ பூச்சியோ இருந்தால் இந்தப் பதிலின் கீழேயே படம் போடுங்கள், எனக்குத் தெரியாவிட்டாலும் தெரிந்தவர்களைக் கூப்பிடுகிறேன். எடுத்த ஊரையும் தேதியையும் மறக்காமல் எழுதுங்கள்.