படஅட்டையைக் கண்டால் ஓடும் பிள்ளை

கேள்வி: மகளுக்கு நாலரை வயது. புறக்கோட்டையில் 'அ முதல் ஃ வரை' படஅட்டைகள் வாங்கினோம். படத்தைக் காட்டினால் கடகடவென்று சொல்கிறாள். படத்தை மறைத்து எழுத்தைக் காட்டினால் முழிக்கிறாள். இப்போது பெட்டியை எடுத்தாலே எழும்பி ஓடுகிறாள். என்ன செய்யலாம்? – ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: மகள் இன்னும் வாசிக்கவில்லை, படத்துக்குப் பெயர் சொல்கிறாள். இந்த வயதுக்கு அது சரிதான். ஐந்து வயது முடிந்துதானே முதலாம் தரம்? அவசரம் இல்லை.

முதலில் ஈட்டி, எஃகு, ஔடதம் போன்ற அட்டைகளை எடுத்து ஒதுக்குங்கள். வெள்ளவத்தைப் பிள்ளை ஈட்டியை எங்கே கண்டது? உயிரெழுத்து பன்னிரண்டும் வரிசையாக வரவேண்டும் என்று அம்மம்மா சொல்லக்கூடும். வரிசை பிறகு வரும்.

பழைய கலண்டர் மட்டையை வெட்டி நீங்களே அட்டை செய்யுங்கள். ஒரு பக்கம் படம், மறுபக்கம் சொல். அரவு (ா), விசிறி (ி), கொம்பு (ெ) எதுவும் வராத சொற்களில் தொடங்கலாம்: மரம், கடல், பட்டம். காலிமுகத்திடலுக்குப் போய் வந்த அன்று பட்டம் அட்டையை எடுங்கள். "இது என்ன?" என்று கேட்டால் அது பரீட்சை. "இந்தப் பட்டத்தின்ர வால் எங்க போச்சு?" என்று கேளுங்கள், கதை வரும். பேசி முடிந்ததும் அட்டையைத் திருப்பி, எழுத்துகளின் கீழ் விரலை ஓட்டி நீங்களே வாசித்துக் காட்டுங்கள். அவளைச் சொல்லச் சொல்ல வேண்டாம்.

கொஞ்ச நாளில் அடுத்த விளையாட்டு. ப, ல் இரண்டையும் தனித்தனித் துண்டில் எழுதுங்கள். இன்னொரு துண்டில் வெறும் அரவு. நடுவில் அதைச் செருகினால் பல், பால் ஆகிவிடும். எடுத்தால் திரும்பவும் பல். கல், கால் இப்படியே. வேண்டுமென்றே பிழையாக வைத்து, "காலையில பல் குடிச்சியா?" என்று கேட்டுப் பாருங்கள். திருத்துவதில் பிள்ளைகளுக்கு அலாதி சந்தோஷம். எழுத்து ஒலியை மாற்றுகிறது என்பது அங்கேதான் பிடிபடும்.

ஒரு தடவைக்கு ஐந்தாறு அட்டை போதும். "இன்னும் ஒன்று" என்று அவள் கேட்கும்போதே மூடி வைத்துவிடுங்கள்.

அப்புறம், அட்டையோடு நின்றுவிடாதீர்கள். காலி வீதிக் கடைப் பலகைகளில் 'ப' தேடச் சொல்லலாம். கொழும்புப் பொது நூலகத்தின் சிறுவர் பகுதிக்குக் கூட்டிப்போய், புத்தகத்தை அவளே தெரிவுசெய்ய விடலாம். இரவில் மடியில் வைத்து ஒரு கதை வாசிப்பதை மட்டும் எந்த அட்டைக்காகவும் விட வேண்டாம்.

அட்டையை மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்த்தாளானால், கண் டொக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.