கட்டம் போட்டால் ஆபத்து தெரியுமா? ஓய்வுபெற்ற கிராணியிடம் கேட்டவை

எங்கள் ஊர்ப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருந்தாலும் எங்களுக்கு இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். பேரிடர்க் கூட்டங்களில் கூட்டக் குறிப்பு எழுதியே தலை நரைத்த குமாஸ்தா நான். போன ஞாயிறு கோயில் மண்டபத்தில் ஐந்தாறு பேர் பிடித்துக்கொண்டார்கள். கேட்டதையும் சொன்னதையும் எழுதிவைக்கிறேன்.

ஐயா, நாளைக்கு வரப்போகும் ஆபத்தை அரசாங்கம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஜோசியமா? (கல்லூரி மாணவர்)

ஜோசியம் இல்லை தம்பி, ஆனால் கட்டம் உண்டு. வர எவ்வளவு வாய்ப்பு என்பது ஒரு பக்கம், வந்தால் எவ்வளவு சேதம் என்பது இன்னொரு பக்கம். வெள்ளம், தொற்றுநோய், மின்தடை என்று ஒவ்வொன்றையும் அதில் உட்கார வைப்பார்கள். பிரிட்டன் 2008இல் அப்படி ஒரு பட்டியலை மக்களுக்கே வெளியிட்டது. தொற்றுநோய் அதில் மேலேதான் இருந்தது. ஆனால் அவர்கள் தயாரானது இன்ஃபுளுவென்சாவுக்கு, வந்ததோ கோவிட். தவறான தொற்றுக்குத் தயாராகி இருந்தோம் என்று 2024இல் அவர்களுடைய விசாரணை அறிக்கையே சொல்லிவிட்டது.

பட்டியலிலேயே இல்லாதது வந்தால்? (பசார் மாலாமில் கடை போடும் அக்கா)

வந்திருக்கிறதே, நம் நாட்டிலேயே. 1998 கடைசியில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைக்காரர்களுக்குக் காய்ச்சல், மயக்கம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டினார்கள். அது கொசுவால் வருவது. அதனால் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நெகிரி செம்பிலானுக்கும் போய்விட்டது.

கொஞ்சம் நிதானித்துப் பார்த்திருந்தால் கணக்கு இடிப்பது தெரிந்திருக்கும். அந்த மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத்தான் பிடிக்கும். இங்கே விழுந்தவர்கள் பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகளே இருமிச் செத்தன. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதுக் கிருமியைப் பிரித்தெடுத்த பிறகுதான் பாதை மாறியது. கம்போங் சுங்கை நிப்பா என்ற கிராமத்தை வைத்து அதற்கு 'நிப்பா' என்றே பெயர் வைத்தார்கள். 265 பேருக்கு நோய், 105 பேர் போய்விட்டார்கள். சுமார் பத்து லட்சம் பன்றிகளை அழித்தார்கள்.

என்னைக் கேட்டால், கட்டத்தைவிட இந்தக் 'கணக்கு இடிக்கிறதே' என்பதுதான் முக்கியம். அதைச் சொல்லும் ஆளும் வேண்டும், சொன்னால் காது கொடுக்கும் மேலதிகாரியும் வேண்டும். சார்ஸ் வந்துபோன மறுவருடம், 2004இல், இதுபோன்ற சின்ன அறிகுறிகளைத் தேடுவதற்கென்றே சிங்கப்பூர் ஒரு தனி ஏற்பாட்டைத் தொடங்கியது.

வராத நோய்க்கு ஏன் காசைக் கரைக்க வேண்டும்? (கித்தா வெட்டிய பெரியவர்)

தாத்தா, நீங்கள் பால் வெட்டிய ரப்பர் மரத்தையே கேளுங்கள். 1920களின் கடைசியில் ஃபோர்டு கார் கம்பெனிக்காரர் பிரேசிலில் ஒரு பெரிய கித்தாத் தோட்டம் போட்டார். தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் புகுந்து மரங்கள் மொட்டையாகின. 1945இல் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கித்தா பிறந்த ஊரிலேயே அந்தக் கதி. நம் பக்கம் அது வரவில்லை. அங்கிருந்து கன்றோ விதையோ நேராக உள்ளே வரக்கூடாது என்று 1956லேயே இந்த வட்டார நாடுகள் ஒப்பந்தம் போட்டுக் காவல் காக்கின்றன. வராத நோய்க்கு யாரும் மாலை போடுவதில்லை, அதுதான் இந்த வேலையின் சாபம். பட்ஜெட் நேரத்தில் முதலில் வெட்டுப்படுவதும் இதுதான்.

நட்மா என்கிறார்களே, தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம், அது எப்போது வந்தது? (பாலர் பள்ளி ஆசிரியை)

2014 டிசம்பர் கிளந்தான் வெள்ளத்துக்குப் பிறகு, 2015 அக்டோபரில். அதற்கு முன் தேசியப் பாதுகாப்பு மன்றம் பார்த்தது. மாவட்டத்தில் என்றால் மாவட்ட அதிகாரிதான் தலைவர்.

எப்போது அவசரநிலை என்று யார் சொல்வது? (லோரி ஓட்டும் தம்பி)

முன்கூட்டியே ஒரு எண்ணைக் குறித்து வைத்துவிட வேண்டும். 2005 ஆகஸ்ட் புகைமூட்டம் நினைவிருக்கிறதா? காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்டியது, நம் குவாலா சிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் அவசரநிலை அறிவித்தார்கள். இருமிக்கொண்டே 'இன்னும் ஒரு நாள் பார்க்கலாமே' என்று பேச இடமில்லை. ஆற்றுக்கும் அப்படித்தான்: எச்சரிக்கை, அபாயம் என்று ஒவ்வொரு மட்டத்துக்கும் மீட்டர் கணக்கு இருக்கிறது. மழைக்காலத்தில் இன்ஃபோ பஞ்சிர் என்ற அரசாங்க வெள்ளத் தகவல் தளத்தில் பாருங்கள், வாட்ஸ்ஆப்பில் யாரோ அனுப்பிய படத்தை நம்பி உட்காராதீர்கள்.

அண்ணே, இவ்வளவும் இருந்தும் ஏன் கோட்டை விடுகிறோம்? (கடைக்காரர்)

ஒரு முறை நள்ளிரவு ஒத்திகை. நானே தட்டச்சு செய்த தொலைபேசிப் பட்டியலை வைத்து வரிசையாக அழைத்தேன். மூன்றாவது எண் ஒரு தோட்டத்துக் கிராணியுடையது. தூக்கக் கலக்கத்தில் ஓர் அம்மா எடுத்தார். "அவர் போய் ரெண்டு வருசமாச்சே தம்பி, யார் பேசுறது?" என்றார். மன்னிப்புக் கேட்டு வைத்தேன். அந்தப் பட்டியலில்தான் ஒவ்வோர் ஆண்டும் 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்து விழுந்துகொண்டிருந்தது, என் கையெழுத்தும் சேர்த்து.