ராஜினாமா கடிதம் இப்போது வேண்டாம்

விருதுநகர் பக்கத்திலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். மகளுக்கு 29 வயது. தபால் துறையில் போஸ்டல் அசிஸ்டென்ட், ஒரு சப் போஸ்ட் ஆபீஸில் கவுண்டர் வேலை. இன்ஸ்பெக்டர் பதவிக்கான துறைத் தேர்வை எழுதியிருக்கிறார். ஐ.பி. எக்ஸாம் என்று அங்கே சொல்வார்கள். பட்டியல் வந்தது, இவர் பெயர் இல்லை. கூடச் சேர்ந்து படித்த தோழியின் பெயர் இருக்கிறது. அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, ஆபீஸுக்குப் போகவே கூசுகிறது என்கிறாராம்.

இதற்குள் பெரியப்பா சென்னையில் ஒரு ஐ.ஏ.எஸ். பயிற்சி மையத்தில் பேசி முடித்துவிட்டார். "வேலையை விட்டுட்டு ஒரு வருஷம் உட்கார்ந்து படிச்சா கலெக்டராவே வரலாம், இந்த இன்ஸ்பெக்டர் எதுக்கு?" என்பது அவர் வாதம். கட்டணத்துக்கு அம்மாவின் நகையை அடகு வைப்பதாக ஏற்பாடு. "சேர்த்துவிடலாமா சார்?" என்று அந்த அம்மா கேட்டார்.

வேண்டாம் அம்மா. நகையும் பெட்டியிலேயே இருக்கட்டும், வேலையும் இருக்கட்டும். ஏன் என்று சொல்கிறேன். இதே நிலையில் இருக்கிற மற்ற வீடுகளும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

வெளித் தேர்வில் தோற்றால் யாருக்கும் தெரியாது. லட்சக்கணக்கானவர்களில் ஒருவர், அவ்வளவுதான். துறைக்குள் எழுதும் தேர்வு அப்படியில்லை. பட்டியல் வந்த அரை மணி நேரத்தில் தபால் கோட்டம் முழுக்க வாட்ஸ்அப்பில் போய்விடும். மறுநாள் காலை போஸ்ட் மாஸ்டர் "என்னம்மா ஆச்சு?" என்பார். ஆர்.டி. ஏஜென்ட் அக்கா, பதினைந்தாம் தேதிக்குள் கட்ட வேண்டிய பாஸ்புக் கட்டைக் கவுண்டரில் வைத்துக்கொண்டே "உங்க பேரு இல்லையாமே?" என்பார். உங்கள் மகளை வாட்டுவது மதிப்பெண் இல்லை, இந்தப் பார்வைகள்தான். அதற்கு மருந்து நீண்ட விடுப்பும் இல்லை, கோபத்தில் எழுதும் டிரான்ஸ்ஃபர் மனுவும் இல்லை. இரண்டு மூன்று நாள் லீவு எடுக்கட்டும். அப்புறம் அதே கவுண்டரில் போய் உட்காரட்டும். தேர்வான தோழிக்கு அவரே முதலில் போன் செய்து வாழ்த்துச் சொல்லிவிட்டால், கோட்ட அலுவலகத்தில் நேருக்கு நேர் பார்க்கும்போது ஏற்படும் தர்மசங்கடம் பாதி குறையும். சாப்பாடும் தூக்கமும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுக் கிடந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

ஆறுதல் இவ்வளவு போதும். இனி கணக்குக்கு வருவோம்.

போஸ்டல் அசிஸ்டென்ட் பதவி ஊதிய அட்டவணையில் 4-ஆம் நிலை, தொடக்கம் 25,500 ரூபாய். உங்கள் மகள் ஆறு இன்கிரிமென்ட் வாங்கியிருக்கிறார், அடிப்படைச் சம்பளம் 30,500. ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்தால் அடிப்படை மட்டுமே 3,66,000 ரூபாய் போகும். அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் அதற்கு மேல். பயிற்சிக் கட்டணம், சென்னை விடுதி, சாப்பாடு எல்லாம் தனி. பெரியப்பா சொல்லாத இன்னொன்று: சாதாரண ராஜினாமா எழுதிக் கொடுத்தால் இத்தனை வருட சர்வீஸும் கணக்கிலிருந்து போய்விடும். நாளைக்கே வேறொரு மத்திய அரசு வேலை கிடைத்தாலும் புது ஆளாகத்தான் சேர வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சிவில் சர்வீஸ் தேர்வு எழுத ராஜினாமாவே தேவையில்லை. அலுவலகத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்துவிட்டு வேலையில் இருந்தபடியே எழுதலாம். பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 35 வயது வரை, 9 முறை வரை வாய்ப்பு உண்டு. உங்கள் மகளுக்கு அந்த ஆசை இருந்தால் நானே எழுதச் சொல்லியிருப்பேன். ஆசை பெரியப்பாவுக்கு. அவர் வேண்டுமானால் பயிற்சி மையத்தில் சேரட்டும்.

உங்கள் அனுமதியோடு மகளிடம் தனியாகப் பேசினேன். ஐ.பி. எக்ஸாம் எழுதியது எல்லோரும் எழுதுகிறார்களே என்றுதானாம். இன்ஸ்பெக்டர் ஆனால் உட்கோட்டம் முழுக்கச் சுற்ற வேண்டும். கிளைத் தபால் நிலையங்களைச் சோதனை போட வேண்டும். பணம் கையாடல் நடந்தால் விசாரிக்க வேண்டும், நேற்று வரை கூட உட்கார்ந்து டீ குடித்தவர் மீது அறிக்கை எழுத வேண்டும். அதைச் சொல்லும்போது அவர் குரலில் உற்சாகம் இல்லை. "சாயங்காலம் கேஷ் டேலி ஆகுற அந்த நேரம்தான் சார் எனக்குப் பிடிக்கும்" என்றபோது குரல் மாறியது. ஒரு நாள் ஐம்பது ரூபாய் உதைத்ததாம். எல்லோரும் கைக்காசைப் போட்டு மூடிவிடலாம் என்றார்களாம். இவர் விடாமல் வவுச்சர்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒரு செல்வமகள் கணக்கில் போட்ட தப்பைக் கண்டுபிடித்திருக்கிறார். இப்படிப்பட்ட பெண்ணைப் பிடித்து உலக வரலாறு மனப்பாடம் செய்ய அனுப்புவது அநியாயம்.

சரி, என்ன செய்யலாம்? அடுத்த முறை ஐ.பி. எழுதுவது அவருக்கே தெரிந்த வழி, நான் சொல்ல வேண்டியதில்லை. யாரும் பேசாத ஒரு வழியைச் சொல்கிறேன்: மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வு வழியாக, தலைமைக் கணக்காயர் அலுவலகத்தில் அக்கவுன்டென்ட்.

"29 வயதாகிவிட்டதே, அதற்கு 27 தானே?" என்று கேட்பீர்கள். வெளியில் இருக்கிற பொதுப் பிரிவினருக்குத்தான் 27. மத்திய அரசில் மூன்று ஆண்டு தொடர்ச்சியான, முறையான சர்வீஸ் முடித்தவர்களுக்கு, குரூப் சி பணியிடங்களில் பொதுப் பிரிவினர் என்றாலும் 40 வயது வரை சலுகை இருக்கிறது. அக்கவுன்டென்ட் குரூப் சி பதவிதான். இன்றைக்குக் கோபத்தில் வேலையை விட்டால் இந்தச் சலுகையும் அதோடு போச்சு. அறிவிப்பில் இருக்கும் படிவத்தில் அலுவலகச் சான்று வாங்கி வைக்க வேண்டும், அவ்வளவுதான். விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய், பெண்களுக்கு அதுவும் இல்லை.

தலைமைக் கணக்காயர் அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலை மேலேயே இருக்கிறது. அரசு ஊழியர், ஆசிரியர் குடும்பங்களுக்கு 'ஏ.ஜி. ஆபீஸ்' என்றால் உடனே தெரியும். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்களின் ஜி.பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதிக் கணக்கை வைத்திருப்பது அவர்கள்தான், ஓய்வு பெறும்போது பென்ஷன் ஆணை வருவதும் அங்கிருந்துதான். மாநில அரசின் வரவு செலவு முழுவதும் அங்கே கணக்காகத் தொகுக்கப்படுகிறது. வவுச்சரைப் புரட்டுவதில் சுகம் காண்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. அதே சி.ஜி.எல்.-இல் ஆடிட்டர் பதவியும் உண்டு, சம்பளமும் ஒன்றுதான். ஆனால் தணிக்கைப் பிரிவில் குழுவாக ஊர் ஊராகப் போக நேரும். உங்கள் மகளுக்கு அலைச்சல் பிடிக்காது என்பதால் விருப்பப் பட்டியலில் அக்கவுன்டென்ட் மேலே இருக்கட்டும்.

சம்பளம் 5-ஆம் நிலை, தொடக்கம் 29,200. "இப்போதே 30,500 வாங்குகிறாளே?" என்று நீங்கள் கேட்டால், சரியான கேள்வி. இங்கேதான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். அலுவலகத்துக்கு முறைப்படி தெரிவித்து, தடையின்மைச் சான்று வாங்கி விண்ணப்பித்திருந்தால், தேர்வான பிறகு கொடுக்கும் ராஜினாமாவை 'டெக்னிக்கல் ரெசிக்னேஷன்' என்று ஏற்பார்கள். அப்போது பழைய அடிப்படைச் சம்பளத்துக்குக் குறையாமல் புதிய இடத்தில் நிர்ணயிப்பார்கள். பழைய சர்வீஸ் சேரும். சேர்த்து வைத்த ஈட்டிய விடுப்பு கூடவே வரும். என்.பி.எஸ். ஓய்வூதியக் கணக்கு எண் அதேதான். இன்னொன்று, பழைய பதவியில் உரிமை இரண்டு ஆண்டுக்கு இருக்கும், 'லியன்' என்பார்கள். புது இடம் ஒத்துவரவில்லையா, அந்தக் கெடுவுக்குள் தபால் துறைக்கே திரும்பி வந்துவிடலாம். பெரியப்பா சொல்லும் பயிற்சி மையம் எதுவும் இப்படி ஒரு திரும்பும் வழி தராது.

உள்ளே போன பிறகு அங்கேயும் ஒரு துறைத் தேர்வு இருக்கிறது, எஸ்.ஏ.எஸ். என்று பெயர். "மறுபடியும் உள்தேர்வா?" என்று மகள் பயப்பட வேண்டாம். ஐ.பி. எக்ஸாம் இருக்கிற காலியிடத்துக்குள் முந்துகிறவருக்கு. நன்றாக எழுதியும் இடம் கிடைக்காமல் போகும், இவருக்கும் அப்படி நடந்திருக்கலாம். எஸ்.ஏ.எஸ். தகுதித் தேர்வு. தேறிய தாளை மறுபடி எழுத வேண்டாம், மிச்சத்தை அடுத்த முறை எழுதலாம். எல்லாம் முடித்து, பதவி உயர்வுக்கு இடம் வரும்போது உதவிக் கணக்கு அலுவலர், 8-ஆம் நிலை, தொடக்கம் 47,600. தபால் இன்ஸ்பெக்டர் 7-ஆம் நிலை, 44,900. பதவிப் பெயரில் மயங்குகிற உறவினர்களிடம் இந்த இரண்டு எண்களையும் சொல்லிப் பாருங்கள். ஐ.பி.க்காகப் படித்த அடிப்படை விதிகள், நடத்தை விதிகள், நிதி விதிகள் எதுவும் வீணாகாது, அங்கேயும் அவற்றோடுதான் பிழைப்பு.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். சி.ஜி.எல். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான், தமிழில் இல்லை. முதல் கட்டத்தில் 100 கேள்விக்கு 60 நிமிடம், தப்புக்கு அரை மதிப்பெண் வெட்டு. அது வடிகட்டுவதற்கு மட்டும், தரவரிசை இரண்டாம் கட்டத்தில்தான். கணக்கும் ஆங்கிலமும் கைவசம் இருப்பவர் வேலைக்குப் போய்க்கொண்டே தயாராகலாம். பழைய வினாத்தாள்களும் ஒரு கடிகாரமும் போதும், இதற்கும் நகை அடகு வேண்டாம். சென்னைதான் கிடைக்கும் என்று உறுதியில்லை, தரவரிசையைப் பொறுத்து வேறு மாநிலம் விழலாம். கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் இது சின்ன விஷயமில்லை என்று தெரியும். அதை முடிவு செய்ய வேண்டியவர் மகள். நீங்களோ நானோ இல்லை, மாப்பிள்ளை வீட்டாரும் இல்லை.

இன்னும் ஒரு வேலை பாக்கி. ஐ.பி. தேர்வில் எந்தத் தாளில் எங்கே குறைந்தது என்று தெரியாமல் "நான் லாயக்கில்லை" என்று புலம்புவதில் அர்த்தமில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் விடைத்தாள் நகலையும் மதிப்பெண் விவரத்தையும் கேட்கட்டும். தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தேர்வெழுதியவருக்கு உண்டு என்று 2011-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், போஸ்டல் ஆர்டராகக் கட்டலாம், அதைக் கவுண்டரில் விற்பதே உங்கள் மகள்தான்! 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அப்பட்டமான கூட்டல் பிழையோ தப்பான விடைக்குறிப்போ தெரிந்தால் மனு கொடுக்கட்டும். அது இல்லாமல், சங்கத்துக்காரர் யாரோ உசுப்பிவிட்டார் என்று தீர்ப்பாயத்துக்கு வக்கீல் வைக்காதீர்கள்.

பெரியப்பா கட்டிய முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று கடைசியில் கேட்டீர்கள். ரசீதின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு இந்த வாரமே எழுத்துமூலம் கேளுங்கள். வகுப்பு தொடங்கிவிட்டால் பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும். மகளிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அடுத்த சி.ஜி.எல். அறிவிப்பு வந்ததும் விண்ணப்பிக்கும் அன்றைக்கே அலுவலகத் தலைவருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். டெக்னிக்கல் ரெசிக்னேஷன் கேட்கும் நாளில் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.